மலைக்கு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளையின் கல்லூரிப் படிப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்தில் இருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. மலைக்கு மேலே கேரளாவில், குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) தங்கிவிட்டவர்களும் உண்டு. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம் எடுக்கிறேன். பரீட்சை முடிவு வந்த வாரம் பெற்றோர் வந்து கேட்கும் கேள்விகளில் பாதி, பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டியவை. சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இப்போதே படிக்கட்டும் என்று அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு, கேரளா எல்லையில் குடியிருக்கும் நாம் பணத்தை மட்டும் சேர்த்தால் போதாது, காகிதத்தையும் சேர்க்க வேண்டும். பின்பாதி முழுக்க அதைப் பற்றித்தான்.

பிள்ளைக்கு ஒரு வயசுதான் ஆகுது. இப்பவே காலேஜுக்குச் சேர்க்கணுமா?

ஆமாம், இப்போதே. கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்த மாதத்தில் இருந்து மாதம் 1,000 ரூபாய் போட்டால், 18 வயதில் ஏறக்குறைய 4.3 லட்சம் நிற்கும். உங்கள் கைக்காசு அதில் 2.16 லட்சம்தான், மீதி வட்டி. அதே தொகையை எட்டுவதற்குப் பிள்ளைக்குப் பத்து வயதானபின் ஆரம்பித்தால், மாதம் 3,360 ரூபாய் போட வேண்டும். அப்போது கைக்காசே 3.2 லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஒரு வயதில் 1,000 ரூபாய்க்கே மூச்சு முட்டும் வீட்டில், பத்து வயதில் 3,360 எங்கிருந்து வரும்? அதற்குள் இரண்டாவது பிள்ளையும் பள்ளிக்கூடம் போகும், வீட்டுக் கூரைக்கும் செலவு வரும். ஆயிரம் முடியாதென்றால் 300 போடுங்கள். தொகையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். விட்ட வருடங்களைத் திரும்ப வாங்க முடியாது.

மொத்தம் எவ்வளவு தேவைப்படும்?

படிப்பைப் பொறுத்தது. அரசு கலைக் கல்லூரியிலும், போடி அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றிலும் கட்டணம் நம்மால் கட்டக்கூடிய அளவுதான். தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேரும் இடத்துக்கு, 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது வருடத்துக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீடு என்று போனால் கணக்கே வேறு.

ஆனால் பெற்றோரைத் தடுமாற வைப்பது கட்டணத்தைவிட மற்றவைதான். விடுதி, மெஸ், பஸ், லேப்டாப், புத்தகம், பரீட்சைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். அதனால் கல்லூரிக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும் என்று வைத்துத் திட்டமிடச் சொல்வேன். விலைவாசியும் சேரும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகிவிடும். இன்று 1 லட்சம் ஆகும் படிப்பு, இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 2 லட்சம்.

எங்களுக்கு வாரக் கூலி. மாசாமாசம் ஒரே தொகை கட்ட முடியாதே?

மலை வேலைக்கு மாதச் சம்பளக்காரர்களின் திட்டம் ஒத்து வராது, உண்மைதான். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் முழுக்க வேலை, வெயில் காலத்தில் வேலையே குறைவு. சொந்தமாக ஏலக்காய் வைத்திருப்பவர்கள் பாடும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியின் ஏலச் சந்தையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே போனது.

அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு மாதாமாதம் ஒரே தொகை கேட்கும். மாதம் 100 ரூபாயில் இருந்தே தொடங்கலாம், ஆனால் மாதம் தவறக் கூடாது. பெண் குழந்தைக்கான செல்வமகள் கணக்கிலும், பி.பி.எஃப். என்கிற பொது வைப்பு நிதியிலும் அந்தக் கட்டாயம் இல்லை. செல்வமகளுக்கு வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், பொது வைப்பு நிதிக்கு 500. அதற்கு மேல் கையில் இருக்கும்போது இருப்பதைப் போடலாம். இரண்டுக்கும் மேல் வரம்பு வருடத்துக்கு 1.5 லட்சம். எனவே காய் எடுக்கும் பருவத்தில் சனிக்கிழமைக் கூலியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி மாதம் ஒருமுறை கட்டுங்கள். வேலை இல்லாத மாதத்தில் விட்டுவிடுங்கள். ஒரு வருடம் முழுக்கக் கட்டத் தவறினாலும் 50 ரூபாய் அபராதமும் அந்த வருடத்துக் குறைந்தபட்சத் தொகையும் கட்டிக் கணக்கை உயிர்ப்பித்துவிடலாம்.

“போஸ்டாபீஸ் திறக்கும்போது நாங்க மலையில இருக்கோம், மூடுன பிறகுதான் இறங்குறோம்” என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்கு திறந்தால், செல்போனில் இருந்தே இந்த மூன்று கணக்குகளுக்கும் பணம் அனுப்பலாம். செல்போன் கைவராதென்றால், வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். தன் தங்கச்சிக்குக் கட்டும் பணம் என்று தெரிந்தால் அது மறக்காது.

வேலைக்குப் போன இடத்தில் தங்கிவிட்டால் கணக்கு என்னாகும் என்ற பயமும் வேண்டாம். கம்பம் அஞ்சலகத்தில் திறந்ததைக் குமுளிக்கோ கட்டப்பனைக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

பொம்பளப் பிள்ளைக்குச் செல்வமகள் கணக்கு ஒண்ணே போதுமா?

சீக்கிரம் திறந்தால் நல்ல கணக்கு. தாமதமாகத் திறந்தால் கல்லூரிக்குப் பாதிதான் உதவும். இதைச் சொல்லாமல் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2015-ல் வந்த திட்டம் இது. பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குத் திறக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு. வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமானது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கிறது, ஏறலாம், இறங்கலாம். பணம் கட்டுவது 15 வருடம். முதிர்வது, கணக்குத் திறந்த நாளில் இருந்து 21 வருடம். பெண்ணின் வயது 21 என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

பிறந்த வருடமே திறந்து மாதம் 1,000 கட்டினால், வட்டி இதே அளவில் நின்றால், அவளுக்கு 21 வயதாகும்போது சுமார் 5.5 லட்சம் வரும். கல்லூரி தொடங்குவது 18-ல். அப்போது கணக்கில் 4 லட்சத்துக்கு மேல் இருக்கும். படிப்புக்கு என்று பாதி வரை எடுக்கலாம், அதாவது 2 லட்சம் போல. பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயது ஆனாலோ இந்த உரிமை வரும். முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பில் பாதிதான் கணக்கு. கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் கட்டண ரசீதும் கேட்பார்கள். மொத்தமாகவும் எடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறையாக ஐந்து வருடம் வரையும் எடுக்கலாம்.

இப்போது எட்டு வயதில் திறந்ததாகப் பாருங்கள். 18-ல் கணக்கில் ஏறக்குறைய 1.8 லட்சம்தான் இருக்கும், எடுக்கக் கிடைப்பது 90 ஆயிரம். மீதி முதிர அவளுக்கு 29 வயதாக வேண்டும். திருமணத்துக்கென்றால் 18-க்குப் பிறகு கணக்கை முடிக்கலாம். அது இருக்கிறதே என்று படிப்பை நிறுத்தத் துணைபோகும் பணமாக அது மாறிவிடக் கூடாது.

ஆக, மூன்று வயதுக்குள் இருந்தால் பெரும்பங்கைச் செல்வமகளில் போடுங்கள். ஏழு, எட்டு வயதென்றால் கொஞ்சம் அதில், மீதி தொடர் வைப்பிலோ வங்கி வைப்பிலோ. கல்லூரி வாசலில் கை நீட்டினால் வரும் இடத்தில் பாதிப் பணமாவது இருக்க வேண்டும்.

பையனுக்கு?

பொது வைப்பு நிதி. நம் பக்கம் அஞ்சலகத்தில் பொன்மகன் என்று சொல்வதும் இதுதான். 2020 ஏப்ரலில் இருந்து வட்டி 7.1 சதவீதம், காலம் 15 வருடம். இரண்டு வயதுக்குள் திறந்துவிட்டால் கல்லூரியில் சேரும் சமயத்துக்கு முதிர்ந்து நிற்கும். மாதம் 1,000 கட்டினால் 3 லட்சத்துக்கு மேல் வரும். ஏழாவது நிதியாண்டில் இருந்து ஒரு பகுதியை எடுக்க வழியுண்டு. பையன் படிப்பான், பெண் கட்டிக்கொடுக்க வேண்டியவள் என்று பிரித்துச் சேர்ப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து படிப்பவர்களில் பெண்பிள்ளைகள் அதிகம்.

சீட்டு போடுறோம், நகையா வாங்கி வைக்கிறோம். அது சேமிப்பு இல்லையா?

சீட்டு நல்ல பழக்கம், பதிவு பெற்ற சீட்டாக இருந்தால். 1982-ம் வருடத்துச் சிட்பண்ட் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களுக்குக் கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. இருக்கிறது, 1969-ல் இருந்து சீட்டு நடத்துகிறது. தெருவில் நம்பிக்கை மேல் நடக்கும் சீட்டில் பதினெட்டு வருடத்துக் கனவை வைக்காதீர்கள். இன்னொன்று, அவசரத்துக்குத் தள்ளுபடி கொடுத்து முன்கூட்டியே சீட்டை எடுத்தால் அது சேமிப்பாக இருக்காது, கடனாகிவிடும். கடைசி வரை பொறுத்து எடுப்பவர்களுக்குத்தான் லாபம்.

நகை பற்றி: வாங்கும்போது செய்கூலி, சேதாரம் கொடுக்கிறோம், விற்கும்போது அது திரும்ப வராது. ஆனால் அடகு வைத்தால் அன்றைக்கே பணம். அதனால்தான் ஜூன் மாதம் அடகுக் கடை வாசலில் கல்லூரி விண்ணப்பக் கவரோடு அம்மாக்கள் நிற்கிறார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்ச, சங்கிலியைக் கழற்றித் தராசில் வைக்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்க்கும். அந்த நிலை வராமல் இருக்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மியூச்சுவல் ஃபண்ட் போடலாமா?

அது பெரும்பாலும் பங்குச்சந்தையில் போய்ச் சேரும் பணம். பத்து வருடத்துக்கு மேல் பொறுக்க முடியும் என்றால், சேமிப்பில் ஒரு பகுதியைப் போடலாம். 2008-ல் பங்குச்சந்தைக் குறியீடு பாதிக்கும் கீழே விழுந்தது, பிறகு மீண்டது. மீளும் வரை காத்திருக்கப் பிள்ளைக்கு வயது இருக்க வேண்டும். பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி வைப்புக்கு மாற்றிவிடுங்கள். மாதம் இவ்வளவு உறுதி என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் மியூச்சுவல் ஃபண்ட் கிடையாது.

குழந்தை பேர்ல இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்றாங்க?

காப்பீடு தேவைப்படுவது சம்பாதிப்பவருக்கு. மலைப்பாதையில் ஆள் நிறைந்த ஜீப்பில் தினமும் போய்வரும் நீங்கள்தான் அந்த வீட்டின் வருமானம். வங்கிக் கணக்கில் இருந்தே வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு கிடைக்கும் (பிரதமரின் ஜீவன் ஜோதி, 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம்). 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு (சுரக்ஷா, 70 வயது வரை). கணவன், மனைவி இருவரும் இந்த இரண்டையும் போடுங்கள். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாக முடிந்தால் டேர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) எடுங்கள். சேமிப்பையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கலந்த பாலிசியில் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

வேலை கேரளாவுல, ரேஷன் கார்டு தமிழ்நாட்டுல. பிள்ளையை எந்தப் பக்கம் படிக்க வைக்கிறது?

பணத்தைவிடப் பெரிய கேள்வி இது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு லட்சக் கணக்கில் வித்தியாசம் காட்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்குக் கிடைப்பவற்றைப் பாருங்கள். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. பெண்ணுக்குப் புதுமைப் பெண், 2022-ல் தொடங்கியது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-ல் தொடங்கியது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வரும். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000, பொறியியலுக்கு 48,000. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை தனி. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அது கிடையாது.

ஏழாம் வகுப்பில் பிள்ளையைக் குமுளிப் பள்ளிக்கு மாற்றி, ஒன்பதில் திரும்பக் கூட்டி வந்தால், ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கு உடைந்துவிடும். பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. இடையில் ஒரு வருடம் வெளியே படித்திருந்தாலும் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். “ஒரு வருசந்தானே” என்று நினைத்து மாற்றுகிறார்கள். மாற்றுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதற்காகப் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். சில பிள்ளைகள் அதில் வாடிப்போகின்றன, படிப்பே கெடுகிறது. நிரந்தரமாக அந்தப்பக்கம்தான் வாழ்க்கை என்றால், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, கேரளாவின் உதவித்தொகைகள் இருக்கின்றன. ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் அங்கே மாற்றிக்கொண்டு, வில்லேஜ் ஆபீசில் காகிதங்களை ஒழுங்கு செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரு கால் வைத்து, இரண்டு ரேஷன் கார்டு வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. அது தப்பு, சான்றிதழ் கேட்கும் நாளில் இரண்டு பக்கமும் கதவைச் சாத்துவார்கள்.

சாதிச் சான்று எங்கே வாங்கணும்?

பட்டியல் சாதியினர் கவனிக்க வேண்டியது இது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. தமிழ்நாட்டில் இருந்து பிழைக்கப் போனவர்கள் கேரளாவில் அங்குள்ள ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. குடும்பம் 1950-க்கு முன்பே அங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தலைமுறையாகத் தோட்டத்தில் வாழும் பல குடும்பங்களிடம் அந்தக் காலத்துக் காகிதம் இல்லை. பழைய எஸ்டேட் பதிவேடு, தாத்தாவின் பள்ளிச் சான்று, நிலக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். தேட வருடங்கள் பிடிக்கும். பூர்வீகம் தமிழ்நாடு என்றால் அப்பாவின் சொந்தத் தாலுகாவில் பிள்ளை சிறியதாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

பேர் ஒவ்வொரு காகிதத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே?

கட்டப்பனை ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்று கேரளப் பஞ்சாயத்தில் இருக்கும். அதில் ‘முருகேஸ்வரி’யின் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, பள்ளி மாற்றுச் சான்றில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் பின்னால். உதவித்தொகை நின்றுபோக இது போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று அச்சாவதற்கு முன் நான்கையும் ஒன்றாக்குங்கள். ஒன்பதாம் வகுப்பில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கச் சொல்லும்போது பெரும்பாலான பெற்றோர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தாளை வாங்கி எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

பேங்க்ல கல்விக் கடன் தர்றாங்களே, அப்புறம் எதுக்குச் சேமிக்கணும்?

கல்விக் கடன் நல்ல வழி, வாங்கக் கூச்சப்பட வேண்டாம். 4 லட்சம் வரை உங்கள் பங்கு எதுவும் கேட்க மாட்டார்கள், 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கலாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் கடன் உத்தரவு வர வாரங்கள் ஆகும், சேர்க்கைக் கட்டணத்துக்கோ நாள் குறித்துவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் மூணு வட்டிக்கு வாங்குகிறோம். 1 லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 3,000, வருடம் 36,000. நாலு வருடப் படிப்பு முடியும்போது 1.44 லட்சம் வட்டி கட்டியிருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். முதல் வருடக் கட்டணமும் விடுதி முன்பணமும் மட்டும் கையில் இருந்தாலே அந்த வாசலுக்குப் போக வேண்டியதில்லை. முழுப் படிப்புக்கும் சேர்க்க முடியாதவர்களுக்கு நான் வைக்கும் முதல் இலக்கு அதுதான்.

பிள்ளை எட்டாவது வந்துடுச்சு. ஒண்ணுமே சேர்க்கல. இனிமேல் என்ன செய்ய?

எட்டாம் வகுப்பென்றால் உடனே செய்ய ஒன்று இருக்கிறது. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், பெற்றோர் வருமானம் வருடம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், நாலு வருடத்தில் 48,000. இரண்டு மாநிலத்திலும் உண்டு. அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கரைக்காமல் அப்படியே வங்கி வைப்பில் போடுங்கள், முதல் வருடக் கட்டணம் ஏறக்குறைய வந்துவிடும்.

அதோடு இன்றே அஞ்சலகத்தில் ஒரு ஐந்து வருடத் தொடர் வைப்பைத் தொடங்கினால், எட்டாம் வகுப்புப் பிள்ளை கல்லூரி முதல் வருடத்தில் இருக்கும்போது முதிரும். மாதம் 1,000 என்றால் 60,000 கட்டி 70,000-க்கு மேல் எடுப்பீர்கள், இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு ஆகும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதம் திறக்கும். அந்த மாதம் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது, தாலுகா ஆபீசிலும் வேலை குவிந்துவிடும். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில், டிசம்பரிலேயே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். அன்றைக்கு ஒரு நாள் கூலி போகும், போகட்டும்.